புது டிஸ்க் என்றாலும் பரீட்சை தேவை

மாட்டுங்கா லேபர் கேம்பிலும் அதை ஒட்டிய தாராவித் தெருக்களிலும் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களை வெறும் நகல் எடுப்பவர்கள் என்று நினைத்தால் தவறு. கடை மூலையில் தூசு படிந்து நிற்கும் கம்ப்யூட்டருக்குள் பேட்டையின் பாதிச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது. 1976-ம் ஆண்டு குடிசைக் கணக்கெடுப்பில் கிடைத்த போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் டி.சி., மார்க் ஷீட், குமாஸ்தா லைசென்ஸ், பழைய கரண்ட் பில், கல்யாணப் படம், காரியப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. "அண்ணாச்சி, போன வருஷம் எடுத்தோமே, அதிலேயே ரெண்டு காப்பி போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வராத நாள் கிடையாது.

இந்தக் காகிதங்களின் மதிப்பு சமீப காலத்தில் பல மடங்கு உயர்ந்துவிட்டது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டுகிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்றும், அதற்குப் பின் வந்தவர்களுக்கு வேறு இடத்தில் என்றும் விதி அறிவிக்கப்பட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு பில் கையில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே நிற்கிறது. அசலைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களையும் 2005 ஜூலை 26-ந் தேதி மழை விடவில்லை. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் கொட்டிய அன்று, மித்தி ஆற்றின் தண்ணீர் பெட்டிக்குள்ளும் புகுந்தது. ஸ்கேன் செய்து வைத்த படம் அசலுக்குச் சமமாகாது. ஆனால் அசல் போனபின் எந்த அலுவலகத்தில் எந்த நம்பரைச் சொல்லி மறுபிரதி கேட்பது என்பதற்கு அந்தப் படம் ஒன்றே துணை.

ஆகவே கடைக்காரர்கள் எதையும் அழிப்பதில்லை. டிஸ்க் நிரம்பினால் பெரியது வாங்குகிறார்கள். 500 ஜிகாபைட்டில் ஆரம்பித்தவர்கள் இன்று 4 டெராபைட், 8 டெராபைட் என்று போய்விட்டார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. சின்ன டிஸ்க் கெட்டால் ஒரு வருஷத்து வேலை போகும். பெரிய டிஸ்க் கெட்டால் பத்து வருஷத்து வேலை ஒரே நாளில் போகும். அப்படியிருக்க, வாங்கிய அன்று ராத்திரியே பழையதிலிருந்து எல்லாவற்றையும் புதியதில் கொட்டிவிட்டு, பழையதை மறுநாளே பங்கார்வாலாவிடம் தள்ளிவிடுகிறார்கள்.

லேபர் கேம்ப் பக்கம் ஒரு கடைக்காரர், நெல்லைச் சீமைக்காரர், சென்ற ஆண்டு லேமிங்டன் ரோடு போய் 8 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். சீல் பிரிக்காத கவர், முறையான பில். கடையில் உதவிக்கு இருக்கும் அக்கா மகன் உடனே காப்பி செய்ய உட்கார்ந்தான். இவர் தடுத்து, "முதல்லே ரெண்டு நாள் ஓடட்டும், பார்ப்போம்" என்றார். "புது டிஸ்க்குக்குப் போய் பரீட்சையா மாமா? யாராவது கேட்டா சிரிப்பாங்க" என்றான் பையன். மாமா கேட்கவில்லை. பரிசோதனை மூன்றில் இரண்டு பங்கு தாண்டியபோது படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினார்கள். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. விற்ற கடைக்காரர் முதலில் "ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார். பில்லும் தேதியும் பரிசோதனைத் தாளும் மேஜை மேல் வந்ததும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்த மூன்றில் இரண்டு பங்கு இடத்தை நிரப்ப அந்தக் கடைக்கு இரண்டு மூன்று வருஷம் பிடித்திருக்கும். மாற்றிக் கேட்கும் காலம் கழிந்து வெகுநாள் ஆன பின்புதான் குறை தெரிய வந்திருக்கும்.

பையன் கேட்ட கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரம்பூர் ஐ.சி.எப்.பிலிருந்து வர்ணம் காயாத பெட்டி வந்தாலும் பிரேக் சோதனை முடியாமல் நாகர்கோவில் எக்ஸ்பிரஸை யாரும் கிளப்புவதில்லை. புதுப் பெட்டிதானே என்று கார்டும் டிரைவரும் கை கட்டி நிற்பதில்லை. டிஸ்க்கும் சுழல்கிற இயந்திரம்தான். நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிற தட்டுகளின் மேல், தலைமுடியின் கனத்தை விடப் பல்லாயிரம் மடங்கு குறைவான இடைவெளியில் அதன் தலை பறக்கிறது. அப்படிப்பட்டது பம்பாய் டெம்போவில் குலுங்கி, லோக்கல் ரயிலில் நசுங்கி, லேபர் கேம்ப் சந்துக்கு வந்து சேருகிறது.

பரிசோதனை என்றதும் ஏதோ இஞ்சினீயர் வேலை என்று பயப்பட வேண்டாம். காசில்லாமல் கிடைக்கும் சில கருவிகள் போதும்.

முதலில் அளவு. 8 டெராபைட் டிஸ்க்கைப் பூட்டினால் விண்டோஸ் 7.27 என்றுதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. தயாரிப்பவர்கள் 8 லட்சம் கோடி பைட்டை ஆயிரம் ஆயிரமாக வகுக்கிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக வகுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 3 டெராபைட் டிஸ்க் 746 ஜிகாபைட் என்று காட்டினால் அது வேறு கதை. பழைய கம்ப்யூட்டரோ, பழைய யு.எஸ்.பி. பெட்டியோ 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மீதியை மட்டும் காட்டுகிறது என்று அர்த்தம். எம்.பி.ஆர். என்ற பழைய பிரிவினை முறைக்கும் அதே எல்லைதான். பெரிய டிஸ்க்குக்கு ஜி.பி.டி. முறை வேண்டும். டிஸ்க் நல்லதாகவே இருக்கும், கம்ப்யூட்டருக்குத்தான் வயதாகிவிட்டது. இது புரியாமல் நல்ல டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், அப்படியே நிரப்பப் பார்த்து எழுதியதெல்லாம் குழம்பிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது டிஸ்க்கின் சொந்த நாட்குறிப்பு. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடம் கெட்டது, சூடு எவ்வளவு என்பதை டிஸ்க்கே எழுதி வைக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற கருவி அதைத் திறந்து காட்டும். நூறு வரிகளையும் படிக்கத் தேவையில்லை. கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட இடங்கள், கெட்டிருக்குமோ என்று சந்தேகத்தில் இருக்கும் இடங்கள், படிக்கவே முடியாத இடங்கள் என்று மூன்று வரிகள் உண்டு. பட்டியலில் அவற்றின் எண்கள் 05, சி5, சி6. புது டிஸ்க்கில் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி7 என்ற வரியில் எண் ஏறினால் பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கில் இல்லை, கேபிளில். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கருவி எண்களை எழுத்து கலந்த ஹெக்ஸ் கணக்கில் காட்டும். அமைப்பில் போய்ச் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளாதவர்கள் 10 என்பதைப் பத்து என்று படிப்பார்கள், அது பதினாறு. சீகேட் டிஸ்க்குகளில் முதல் வரியிலேயே கோடிக்கணக்கில் ஒரு எண் நிற்கும். அது அந்தக் கம்பெனியின் எழுத்து முறை, பழுது அல்ல. அதைப் பார்த்து மாரடைப்பு வந்தவர்கள் உண்டு.

நாட்குறிப்பை மட்டும் நம்பிவிடலாமா? 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வெடித்த விவகாரம் கூடாது என்கிறது. ஹைஸ என்ற பத்திரிகை நிறுவனத்தார் வெளியிட்ட செய்தி அது. சீகேட்டின் எக்ஸோஸ் ரக டிஸ்க்குகள், பெரிய பெரிய அளவுகளில், புதியவை என்று சொல்லிக் கடைகளில் விற்கப்பட்டன. ஸ்மார்ட் கணக்கில் ஓடிய நேரம் பூஜ்யம். ஆனால் ஃபார்ம் என்று சீகேட் டிஸ்க்குகளில் இன்னொரு உள்கணக்கு உண்டு. அதைத் திறந்து பார்த்தால் 15,000 மணி முதல் 50,000 மணி வரை ஓடியவை. வருஷத்துக்கு 8,760 மணி. ஐந்து வருஷத்துக்கு மேல் இரவு பகலாக உழைத்த டிஸ்க்கைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் புது மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள். சியா என்ற மின்னணு நாணயத்தை உண்டாக்க 2021-ல் சீனாவில் வாங்கிக் குவித்த டிஸ்க்குகள், அந்த நாணயத்தின் விலை சரிந்த பின் சந்தைக்கு வந்திருக்க வேண்டும் என்று சந்தேகிக்கப்பட்டது.

அதே ஆண்டு மே மாதம் மலேசியாவில், கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் அதிகாரிகளும் சீகேட் ஆட்களும் நுழைந்தபோது, ஏறத்தாழ 700 சீகேட் டிஸ்க்குகள் அகப்பட்டன. கணக்கை அழிப்பது, துடைப்பது, புது லேபிள் ஒட்டுவது, பெட்டியில் போடுவது எல்லாம் அங்கேயே நடந்திருக்கிறது. ஷாப்பி, லசாடா என்ற இணையக் கடைகள் வழியே அவை விற்கப்பட்டனவாம். ஜெர்மனிக்காரன் ஏமாந்த இடத்தில் லேபர் கேம்ப்காரர் ஏமாறமாட்டார் என்று யார் சொல்ல முடியும்? ஃபார்ம் கணக்கைப் பார்க்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியின் புதிய பதிப்பு உதவும். டிஸ்க்கின் மேல் உள்ள சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தால் வாரண்டி எந்தத் தேதி வரை என்றும் தெரிந்துவிடும். வாரண்டியே இல்லை, அல்லது வேறொரு நிறுவனத்துக்கு மொத்தமாக விற்றது என்று வந்தால் அங்கேயே திருப்பிவிட வேண்டியதுதான்.

நடைபாதையில் விற்கிற "16 டெராபைட்" பாக்கெட் டிஸ்க்குகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சட்டைப் பையில் அடங்கும் சுழல் டிஸ்க்கின் அளவு 2024-ல்தான் 6 டெராபைட்டைத் தொட்டது. சில ஆயிரம் ரூபாய்க்குப் 16 டெராபைட் கிடைக்கிறதென்றால், உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். 16 என்று பொய் சொல்லும்படி அதற்குப் பழக்கியிருப்பார்கள். எழுத எழுத வாங்கிக்கொள்ளும், பெயர்ப் பட்டியலும் காட்டும், திறந்தால் ஒன்றும் இராது.

இந்தப் பொய்யையும், நெல்லைக்காரரின் டிஸ்க்கில் இருந்த மெய்யான பழுதையும் ஒருசேரப் பிடிப்பது மூன்றாவது பரிசோதனை. அதுதான் உயிர்நாடி. டிஸ்க் முழுவதையும் ஒரு முறை எழுதி நிரப்ப வேண்டும், பின் எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று முழுவதையும் படித்துப் பார்க்க வேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவி இதைத் தானே செய்யும். மேலே சொன்ன ஹைஸ நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பத்திரிகையிலிருந்து வந்த கருவிதான் அதுவும். காலி இடத்தில் மட்டும் எழுதுவதால் எதையும் அழிக்காது. லினக்ஸில் பேட்பிளாக்ஸ் என்ற கருவியை எழுதும் முறையில் ஓட்டினால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும். காலி டிஸ்க்கில் மட்டுமே அதைத் தொட வேண்டும். பழைய டிஸ்க்கை விற்பதற்கு முன் அதையே ஓட்டினால், ஊரார் ஆதார் கார்டெல்லாம் பங்கார்வாலா கைக்குப் போகாமல் அழிந்துபோகும்.

நேரம் பிடிக்கும், அது உண்மை. தட்டின் வெளி வட்டத்தில் வேகமாகவும் உள் வட்டத்தில் ஏறக்குறையப் பாதி வேகத்திலும்தான் டிஸ்க் ஓடும். சராசரி செகண்டுக்கு 150 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 8 டெராபைட்டை எழுத 15 மணி நேரம், படிக்க இன்னொரு 15 மணி நேரம். சனிக்கிழமை மதியம் கடை மூடும்போது போட்டால் ஞாயிறு இரவு முடியும். யு.பி.எஸ். இருப்பது நல்லது. பெஸ்ட் மின்சாரம் லேசில் நிற்பதில்லை என்றாலும், 2020 அக்டோபர் 12-ந் தேதி மும்பை முழுவதும் கரண்ட் போய் லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில் ஓட்டுகிறவர்கள் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 டிகிரிதான் எல்லை, ஐம்பதைத் தாண்டவிடாமல் வைத்துக்கொள்வது உத்தமம்.

எழுதும்போது வேகம் திடீரென்று படுத்துவிட்டால் உடனே பழுது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஓட்டு வேய்வதைப் போல ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடத்தின் ஓரம் ஏறியிருக்கும்படி எழுதுகிற டிஸ்க்குகள் உண்டு. எஸ்.எம்.ஆர். என்பார்கள். தொடர்ந்து எழுதினால் அவை மூச்சு வாங்கும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், கூட்டு டிஸ்க் பெட்டிகளுக்கென்று விற்ற ரகத்தில் வாங்குபவர்களுக்குச் சொல்லாமலே இந்த முறையைப் புகுத்தியிருந்தது வெளியாகி, அமெரிக்காவில் வழக்கு வரை போயிற்று. கல்யாணப் படங்களைச் சேர்த்து வைத்து எப்போதாவது எடுக்கிற கடைக்கு அந்த முறையால் நஷ்டம் அதிகமில்லை. ஆனால் காசு கொடுக்கிறவனுக்கு எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாரண்டி இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பார்கள் சிலர். வாரண்டி டிஸ்க்குக்குத்தான். டிஸ்க் கெட்டால் டிஸ்க் தருவார்கள். சின்னசாமியின் 1994-ம் வருஷத்துக் கரண்ட் பில்லை எந்தக் கம்பெனியும் தராது. இரண்டு நாள் யாருக்கு இருக்கிறது என்பார்கள் வேறு சிலர். ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலையா அது? கம்ப்யூட்டர் தானே ஓடும், கடைக்காரர் தன் வேலையைப் பார்க்கலாம்.

குறை வாங்குகிறவரிடம் மட்டும் இல்லை. லேமிங்டன் ரோட்டில் நாணயமான வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் பில்லில் சீரியல் நம்பர் எழுதாமல் "ஹார்டு டிஸ்க் 1" என்று மொட்டையாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தப் பில்லை வைத்துக்கொண்டு இதே டிஸ்க்தான் வாங்கினேன் என்று எப்படி நிரூபிப்பது? சீரியல் நம்பர் எழுதாத இடத்தில் வாங்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் பரிசோதனையில் தவறினால் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். கேட்டால் முகத்தைச் சுளிக்கிறவர் கடையை விட்டு இறங்கினால், அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

பரிசோதனையில் தேறிய டிஸ்க்கும் சிரஞ்சீவி இல்லை. கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோதனையில் முதல் பழுது தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றை விட 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். ஆகவே ஒரே ஒரு இடம்தானே கெட்டிருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிடுவது தப்பு. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தவை. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கைப் பல வருஷமாக வெளியிட்டு வருகிறது. 2024-ல் நூற்றுக்கு 1.57 வீதம் கெட்டன. குளிர்சாதன அறையில், நல்ல மின்சாரத்தில் ஓடுகிற டிஸ்க்குகளின் கணக்கு அது. லேபர் கேம்பில் எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை.

நெல்லைக்காரர் இதைப் படித்துத் தெரிந்துகொண்டாரோ, பட்டுத் தெரிந்துகொண்டாரோ, பழைய டிஸ்க்கை இன்னும் விற்கவில்லை. மாற்றி வாங்கிய டிஸ்க் இரண்டு நாள் ஓடித் தேறிய பிறகுதான் எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். பழையதில் இருந்ததை அப்படியே வைத்து, செய்தித்தாள் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, செம்பூரில் தங்கை வீட்டு மூன்றாவது மாடிக்கு அனுப்பிவிட்டார். அங்கே மழைத் தண்ணீர் ஏறாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பையன் போய் எடுத்து வருகிறான். புதிதாகச் சேர்ந்ததை ஏற்றி, ஒரு தடவை படித்துப் பார்த்து, டப்பாவின் மேல் தேதியை எழுதித் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறான்.